அட்டைக் கம்பெனிக்கு ஸ்பீடக்கா போட்ட பிராசசர்

ஸ்பீடக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். பேச்சு வேகம், நடை வேகம், கோபம் எல்லாவற்றையும் விட வேகம். டீயைக்கூட ஆறவிட மாட்டாள். நாக்கைச் சுட்டுக்கொண்டு, பிறகு டீக்கடைக்காரரைத் திட்டுவாள். வேகமாக இருக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, கவனித்திருப்பீர்கள்: உலகத்தில் மற்ற எல்லாரும் தன்னை வெறுப்பேற்றுவதற்காகவே மெதுவாக இருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அக்காவிடம் அது கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

புதுக் கம்ப்யூட்டர் விற்கிற கடைகள் பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்டு உட்கார்ந்திருக்கின்றன. இவளிடம் வருகிறவர்கள் வேறு கட்சி. தூக்கிப் போடவும் மனசில்லை, வைத்துக்கொண்டு அழவும் முடியவில்லை என்று ஒரு பழைய பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அக்கா அதைப் பிரித்துப் பார்ப்பாள். உள்ளே இருக்கிற மதர்போர்டு வெளிவந்த காலத்தில் அதில் மாட்டக்கூடிய பிராசசர்களிலேயே மிக வேகமானது எதுவோ, அன்றைய விலைக்கு அதை யாராலும் வாங்க முடிந்திருக்காது. இன்றைக்கு அதே பிராசசர் காயலான் கடையில் குப்பையோடு குப்பையாகக் கிடக்கிறது. அதைப் பொறுக்கி வந்து, துடைத்து, கோணிய ஊசிக் கால்களை நிமிர்த்தி, பழைய போர்டில் மாட்டிவிடுவாள். கிழட்டுப் பெட்டி எழுந்து ஓடும். அதுதான் அவள் பிழைப்பு.

ஒரு பிராசசரைக் கையில் எடுத்தால் போதும், ஒப்பிக்கத் தொடங்கிவிடுவாள். கிளாக் வேகம் எத்தனை கிகாஹெர்ட்ஸ், உள்ளே வைத்திருக்கிற கேஷ் நினைவகம் எவ்வளவு, எத்தனை வாட் தின்னும், எவ்வளவு சூடாகும், எந்தப் பருவத்தில் எந்த நோவு வரும், எல்லாம். கேட்கிறவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டாள். கடைசியில் ஒரே தீர்ப்புதான்: “இதைவிட அது வேகம்.” வேகம் என்றால் நல்லது, மெதுவென்றால் கெட்டது. அவள் தொழிலில் அதற்கு மேல் யோசிக்க வேண்டிய அவசியம் அதுவரைக்கும் வந்ததில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனின் பட்டப்பேர் என்ன தெரியுமா? நிதானம். அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் அட்டை வெட்டும் மிஷினில் வேலை. சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் போட்டு, கண்ணாடியில் சரிபார்த்து, ஒன்று மாறியிருந்தால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் போடுகிற மனிதர். “நீங்க சட்டை போட்டு முடிக்கிறதுக்குள்ள என் கடையில நாலு கம்ப்யூட்டர் ஆன் ஆகிடும்” என்று அவள் வாசலில் நின்று கத்துவாள். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு திட்டு, செருப்பு மாட்டினால் ஒரு திட்டு. அவர் சிரித்துக்கொண்டே, “ஆமா, நான் கொஞ்சம் மெதுதான்” என்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, திட்டு அவருக்கு வலிக்கவில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அந்த மிஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய இரும்பு மேஜை, அதன் குறுக்கே ஆள் நீளத்துக்கு ஒரு கத்தி. அட்டை அடுக்கை மேஜையில் வைத்து உள்ளே தள்ளி, கீழே இருக்கும் பெடலைக் காலால் மிதித்தால், முதலில் கிளாம்ப் என்கிற இரும்புக் கட்டை இறங்கி அட்டையை அமுக்கிப் பிடிக்கும். ஒரு மூச்சு விடுகிற நேரம் எதுவும் நடக்காது. பிறகு கத்தி இறங்கும். எது எப்போது இறங்க வேண்டும் என்று உத்தரவு போடுவது, பக்கத்தில் மர ஸ்டூல் மேல் தூசி மண்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்கான புரோகிராமை எந்தக் காலத்திலோ யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எழுதியவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே யாருக்கும் தெரியாது.

அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான் தொழிலே இருக்கிறது. அட்டை காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து மூலையில் சுருண்டுகொள்ளும். பெடலை மிதித்த பிறகு, கிளாம்ப் இறங்கிப் பிடித்ததும், கத்தி இறங்குவதற்குள், எழும்பிய மூலையை விரலால் அமுக்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். தட்டாவிட்டால் வெட்டு கோணலாகும், பெட்டி மூடாது. ‘கையை எடுத்த பின்பே மிதிக்கவும்’ என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியவர் ஒரு நாளும் அட்டை வெட்டியவர் இல்லை. கத்திக்கு முன்னால் இருக்க வேண்டிய காவல் கம்பியையோ, நிதானம் வேலைக்குச் சேரும் முன்பே யாரோ கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள். ஆக, மிதி, தட்டு, எடு. நிதானத்தின் கையும் காலும் அந்தத் தாளத்தில் ஊறிப்போயிருந்தன.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓனருக்கு ஒரு ஆசை வந்தது, ஆர்டர் பார்க்கிற புரோகிராமையும் அதே கம்ப்யூட்டரில் போட வேண்டும் என்று. போட்டுத் தொலைத்தார். அன்றிலிருந்து பெட்டி திணற ஆரம்பித்தது. ஆர்டரைத் திறந்தால் திரை உறைந்து நிற்கிறது, கத்திகூட யோசித்து யோசித்துத்தான் இறங்குகிறது என்று புலம்பினார். நிதானம் தயங்கித் தயங்கி, தன் வீட்டுக்காரம்மா இந்த வேலைதான் செய்கிறாள் என்று சொன்னார். சரி, வரச் சொல்லு, நன்றாகச் செய்தால் மற்ற ஷெட்டுகளில் இருக்கிற கம்ப்யூட்டர்களையும் அவர்களிடமே கொடுத்துவிடலாம் என்றார் ஓனர்.

இதன் அருமை உங்களுக்குத் தெரியாது. அதுவரைக்கும் ஒரு கம்பெனிகூட அக்காவைக் கூப்பிட்டதில்லை. கடைக்கு வந்து எட்டிப் பார்ப்பவர்கள் அவளைத் தாண்டி உள்ளே பார்த்து, “சார் இல்லையாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சார் எங்கே இருக்கிறார்? சார் அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார். இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. ஆகவே ஷெட்டுக்குப் போன சாயங்காலம், தலையை வாரி, இஸ்திரி போட்ட உடுப்பில், பையில் தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பிராசசரோடு போனாள்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பிராசசருக்கும் விசிறிக்கும் நடுவில் தடவிய பழைய பசை காய்ந்து இறுகியிருக்கும், அப்படியே மேலே இருக்கிற விசிறியை இழுத்தால் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்து ஊசிக் கால்கள் கோணிவிடும். அதனால் முதலில் பெட்டியை ஓடவிட்டுச் சூடாக்கினாள். பசை இளகியதும் விசிறியை மெல்லத் திருகி எடுத்தாள். உள்ளே இருந்தது அடிமட்டப் பிராசசர், ஒன்றரை கிகாஹெர்ட்ஸ்தான், கேஷ் என்று பேருக்கு ஒரு துளி. அவள் கொண்டுபோனது அதே குடும்பத்தில் உச்சிக்கொம்பு. கிளாக் இரண்டு மடங்குக்கு மேல், கேஷ் நாலு மடங்கு, சூடும் அதிகம் என்பதால் கூடவே பெரிய விசிறி. சுற்றி நின்றவர்களுக்கு இதையெல்லாம் வகுப்பெடுத்துக்கொண்டே மாட்டி முடித்தாள். சுவிட்சைப் போட்டதும் திரை சட்டென்று எழுந்தது. ஆர்டர் புரோகிராம் தொட்டவுடன் திறந்தது. ஓனர் அசந்துபோனார். அட்டை இல்லாமலே பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். கிளாம்ப் இறங்கியது, கத்தியும் இறங்கியது. சபாஷ் என்றார். கை தட்டினார்கள். நிதானம் எல்லாருக்கும் பின்னால் நின்று, பொண்டாட்டியைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார்.

அத்தனை பேரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தியை ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அக்கா கடையைத் திறந்து பெருக்கக்கூட இல்லை, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனிதர், வீட்டில் ஒளிந்துகொண்டு கார் பந்தய கேம் ஆடுவாராம், அதுவும் அந்தக் காலத்துப் பழைய கேம். புதுக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் ஆடவே முடியவில்லை, கிளம்பியதும் கார் சுவரில் போய் முட்டுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அக்கா போட்டுப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்ததும் கார் காணாமல் போனது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“கேமு மேல தப்பில்லண்ணே. அந்தக் காலத்து புரோகிராம் சிலதுக்குக் கடிகாரம் பாக்கத் தெரியாது. கொஞ்சம் பொறுக்கணும்னா தனக்குள்ளயே ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டு நிக்கும். பழைய பிராசசர் மெதுவா எண்ணும். புதுசு கடகடன்னு எண்ணி முடிச்சிட்டு, பொறுத்தாச்சுன்னு கெளம்பிரும். அதான் உங்க காரு...”

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவே இல்லை.

வாத்தியார் பிறகு சொன்னார், சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே வெளுத்துப்போனதாம், தண்ணீர் கொடுக்கலாமா என்று நினைத்தாராம். அக்கா நினைத்தது அட்டைக் கம்பெனியை. அந்த மிஷின் புரோகிராமும் அதே காலத்தது. அதுவும் எண்ணித்தான் பொறுக்கும். ஆர்டர் புரோகிராம் திறந்திருந்தால் கத்தி யோசித்து இறங்குகிறது என்று ஓனர் தன் வாயாலேயே சொன்னாரே! கத்தியா யோசிக்கும்? எண்ணுவதற்கு நேரமாகிறது, அதனால்தான் தாமதம். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, பாவி, வேகத்தை ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள். ஒரு மூச்சு நேரம் இப்போது அரை மூச்சுகூட இல்லை. அந்த அரை மூச்சில் கையை எடுக்க வேண்டியவர் யார்? உலகத்திலேயே நிதானமான மனிதர்.

போனை எடுத்தாள். நிதானத்தின் போன் கம்பெனி கேட்டில் ஒரு அலமாரிக்குள் இருக்கும், வேலை முடியும் வரை கையில் கிடைக்காது. தெரிந்தும் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஓனருக்கு அடித்தாள், அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி அடித்தாள், அப்போதும் பேசிக்கொண்டிருந்தார். ஷிப்ட் தொடங்கி நேரமாகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.  கண்ணாடி அலமாரியைத் திறந்து, முந்தின நாள் கழற்றி வந்த பழைய பிராசசரை டப்பாவோடு எடுத்துக்கொண்டாள். கடையைப் பூட்டவில்லை.

“அண்ணே, காரை எடுங்க. அட்டைக் கம்பெனிக்கு.”

வாத்தியார் ஏன் என்று கேட்காதது பெரிய புண்ணியம். ஆனால் அவர் கார் ஓட்டுகிற லட்சணத்தை என்னவென்று சொல்வது! சீட் பெல்ட் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, பின்னால் யாரும் வராத தெருவில் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். காலமெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை இன்றைக்கு ஒரு நாள் மீறினால் என்ன? மீற வரவில்லை அந்த மனிதருக்கு. ‘கற்றுக்கொள்பவர்’ என்று முன்னும் பின்னும் எழுதிய கார் ஊர்ந்து போயிற்று. சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள்.

அக்கா பற்களைக் கடித்துக்கொண்டு, தன்னையறியாமல் காலால் தரையை அழுத்தினாள். கார் குலுங்கி நின்றது.

“அக்கா, காலை எடுங்க. நீங்க மிதிக்கிறது பிரேக்கு” என்றார் வாத்தியார்.

டிரைவிங் ஸ்கூல் கார் அல்லவா, அவள் உட்கார்ந்திருந்த பக்கத்திலும் பெடல் இருந்தது. கிளச்சும் பிரேக்கும் மட்டும். கால்களை மடக்கி இருக்கைக்கு மேலே வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்தாள். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள். அப்போது அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது நிதானத்தின் வலது கை மட்டுமே. காலையில் அந்தக் கை டிபன் பெட்டியை மெதுவாகத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டதைப் பார்த்து, “அப்படியே குடுங்க, முடிச்சு என்ன வேண்டிக்கெடக்கு” என்று பிடுங்கியிருந்தாள். அவர் வழக்கம்போல் சிரித்துவிட்டுப் போனார். கடைசியாகப் பேசிய பேச்சு அதுவாகவா இருக்க வேண்டும்? தான் நினைப்பது என்ன என்று அவளுக்கே பயமாக இருந்தது. டப்பாவை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாத்தியாரைத் திட்டவும் வாய் வரவில்லை. பாவம், அவர் என்ன செய்வார், அவருக்குத் தெரிந்த வேகம் அதுதான்.

கேட்டில் செக்யூரிட்டி எழுந்து, போனை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் போனை அவர் மடியில் எறிந்துவிட்டு ஓடினாள்.

ஷெட்டுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது. மிஷின் ஓடுகிறது, வெட்டுகிறவர் நன்றாகத்தான் இருக்கிறார், அப்பாடா என்று ஒரு கணம் இருந்தது. அடுத்த கணமே அந்த நிம்மதி போய்விட்டது. இதற்கு முன்னால் சாப்பாடு கொடுக்க எத்தனையோ தடவை வந்திருக்கிறாள், அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். கிளாம்ப் டப்பென்று விழும், கொஞ்சம் இடைவெளி விட்டுக் கத்தி சர்ரென்று இறங்கும். இப்போது இடைவெளியே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விழுந்தன.

கதவருகில் போய்ப் பார்த்தாள். நிதானம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மிதித்தார், தட்டினார், எடுத்தார். கத்தி இறங்கியது. அட்டையைத் திருப்பினார், மறுபடி மிதித்தார்.  கத்த வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் அவர் திரும்புவார். திரும்புகிறவர் கையை எடுத்துவிட்டுத் திரும்புவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கால் பெடலில் இருக்க, கை அட்டையில் இருக்க, முகம் மட்டும் பொண்டாட்டி பக்கம் திரும்பினால் என்ன ஆகும்? வாழ்நாளில் முதல் தடவையாக, பேசாமல் இருக்க வேண்டிய நிலைமை அவளுக்கு.

மெயின் சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது. கரண்ட் போனால் கத்தி இருந்த இடத்திலேயே நின்றுவிடும், அந்த மிஷினிடம் இருந்த ஒரே நல்ல குணம் அது. செருப்பைக் கழற்றிக் கதவோரம் விட்டாள். அட்டை அடுக்குகளுக்குப் பின்னால் புகுந்து, அவர் கண்ணில் படாமல் நடக்க ஆரம்பித்தாள். ஓடினால் அடுக்கு சரியும், சத்தம் வரும், அவர் திரும்புவார். ஆகவே நடந்தாள், அதுவும் மெதுவாக. அடி எடுத்து வைக்க வைக்க மிஷின் வெட்டிக்கொண்டே இருந்தது. டப் என்று கேட்கும்போதெல்லாம் நின்றாள். சர்ரென்ற பிறகு அலறல் எதுவும் கேட்காவிட்டால் அடுத்த அடி வைத்தாள். வெட்டிய அட்டையைக் கட்டு கட்டுகிற அம்மா ஒருத்தி இவளைப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து, கூப்பிடப் போனாள். அக்கா உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சினாள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். மகராசி, நன்றாக இருக்க வேண்டும்.

பாதி தூரத்தில் அடுக்குகளின் இடைவெளி வழியாக அவருடைய முகம் தெரிந்தது. அக்கா அப்படி ஒரு முகத்தை அவரிடம் பார்த்ததே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, இமைக்காமல், நெற்றியெல்லாம் வியர்வையாக நின்றிருந்தார். மிதித்ததும் கை பாய்ந்து போய்த் தட்டிவிட்டு, சுட்டதுபோல் பின்னால் வந்தது. வீட்டில் தண்ணீர் டம்ளரை இரண்டு கையால் பிடித்துக் குடிக்கிற மனிதரின் கையா அது? அவர் வெட்டிக்கொண்டிருக்கவில்லை, கத்தியோடு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தார். அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை? இந்த மனிதருக்குப் பைத்தியமா?

மீதி தூரத்தை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

விளக்கு, விசிறி, மிஷின் எல்லாம் ஒன்றாக அடங்கின. கத்தி மேலேயே நின்றுவிட்டது. நிதானம் கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, இருட்டில் கண்ணைச் சுருக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார். அக்கா போய் அவர் முழங்கையைப் பிடித்து மேஜையை விட்டு இழுத்தாள். 

கரண்ட் ஏன் போயிற்று என்று கேட்டுக்கொண்டே ஓனர் போனும் கையுமாகத் தன் அறையிலிருந்து வந்தார். அக்கா மறைக்கவில்லை, மென்று விழுங்கவில்லை. தான்தான் நிறுத்தியதாகச் சொன்னாள். பிராசசர் நல்ல பிராசசர், ஆனால் இந்த புரோகிராமுக்கு ஆகாது, வேகம் கூடியதால் கத்தி முந்திக்கொண்டு இறங்குகிறது, தான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை என்று ஷெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பழையதைத் திரும்ப மாட்டித் தருகிறேன், அதுவரைக்கும் ஒருவரும் பெடலைத் தொடக் கூடாது என்றாள்.

ஓனருக்கு ஏமாற்றம். “என்னம்மா இது, காலையில இருந்து பறந்துக்கிட்டு இருக்கு. உங்க வீட்டுக்காரரை ரெண்டு தடவ கேட்டேன், நல்லா இருக்குன்னுதானே சொன்னாரு” என்றார். அவள் ஸ்டூல் பக்கம் போனாள். மற்ற ஷெட்டு வேலை இனி கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவளுக்கு யார் கொடுப்பார்கள்? அதைப் பற்றி நினைக்கக்கூட அப்போது நேரமில்லை.

பெட்டியைத் திறந்தாள். பிராசசர் மாற்றாமலே உள்ளே அமைப்பில் போய் வேகத்தைக் குறைத்து வைக்க வழி உண்டு, அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு எந்த அமைப்பையும் நம்ப அவள் தயாராக இல்லை. பழைய மெதுவான பிராசசரே வேண்டும், அதுதான் அவர் கைக்குத் தெரிந்த வேகம். இருட்டில் நிதானம் ஷெட்டில் கிடந்த டார்ச்சை எடுத்து வந்து, பக்கத்தில் குனிந்து அடித்தார். டார்ச்சைப் பிடித்திருந்த கையில் அவள் கண் போயிற்று. நடுவிரலில் சதைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நக நுனி இல்லை. நகவெட்டியால் வெட்டியதுபோல் நேராக இருந்தது. சதையில் ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவுதான் இடைவெளி.

அவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். நல்ல வேளை, வலிக்கவில்லை என்று அவர் முந்திக்கொண்டு சொன்னார்.

“ஏன் நிறுத்தல? எதுக்குச் சொல்லல நீங்க?”

அவர் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, நேற்று ஓனர் அவளை அவ்வளவு பேர் முன்னால் புகழ்ந்தாரே, முதல் வேலை, முதல் நாளே போய்க் குறை சொல்ல வேண்டாமே என்று இருந்துவிட்டதாகச் சொன்னார்.

“அதுக்காகக் கையைக் குடுப்பீங்களா? கத்தி வேகமா வருதுன்னு தெரியுது, நகம் போயிருச்சு, அதுக்கப்புறமும் நின்னு வெட்டிக்கிட்டு இருந்தீங்களே, அறிவு இருக்கா?” குரல் அவளுக்குக் கட்டுப்படாமல் ஏறியது.

நிதானம் டார்ச்சைப் போர்டுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். 

“கத்தி வேகமா வருதுன்னு எனக்குத் தோணவே இல்லம்மா” என்றார். “நாந்தான் மெதுவாயிட்டேன்னு நெனச்சேன். வயசாகுதுல்ல. நீயும் தெனமும் சொல்றதுதானே. வேற யாருக்கும் தெரிஞ்சா இந்த மிஷின்ல நிக்க விடமாட்டாங்க, கட்டு கட்டப் போகச் சொல்லிருவாங்க. அதான், எப்படியாவது வேகமா எடுத்துப் பழகிக்கலாம்னு பார்த்தேன்.”

  அக்கா மடியில் இருந்த பழைய பிராசசரைப் பார்த்தாள். ஊசிக் கால்கள் கலங்கித் தெரிந்தன, எது மூலை எது நடு என்று புரியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் கலங்கியது. சுற்றி நின்ற கூட்டம், ஓனர், எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாமல் நின்றிருந்த வாத்தியார், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்.

“நீங்க மெதுவா இல்லங்க” என்றாள் உரக்க. “ஒரு நாளும் மெதுவா இல்ல. நான் போட்டதுதான் தப்பு. நான் சொன்னதுதான் தப்பு.”

“சரி, சரி. எல்லாரும் பாக்குறாங்க” என்றார் நிதானம். அவள் அழுகை நிற்கும் வரை டார்ச்சை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.